விரற்கடைத் தண்ணீர்

கோடியக்கரைக்கு வருகிறவர்கள் முதலில் மானைப் பற்றி விசாரிப்பார்கள். அடுத்து பூநாரையைப் பற்றி. சேற்றைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. சதுப்போரச் சாலையில் வண்டியை நிறுத்தி இறங்கி, கண்ணுக்கெட்டிய தூரம் பழுப்பாக விரிந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இல்லையே" என்று திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் நின்ற இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் நூற்றுக்கணக்கான உள்ளான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. சேற்றின் நிறத்திலேயே இருந்ததால் கண்ணில் படவில்லை.

ஒரு பகல் முழுக்க இந்தச் சேற்றோரம் தனியாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போதிருந்தே உண்டு. தை பிறந்ததும் கிளம்பிவிட்டேன். பூநாரையைப் பத்துப் பேரோடு நின்றும் பார்க்கலாம். உள்ளானுக்குப் பேச்சுத்துணை ஆகாது. ஒரே இடத்தில் அசையாமல் கிடக்க வேண்டும். நேரம் போவதைப் பற்றி யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கக் கூடாது.

சென்னையிலிருந்து ஏறக்குறைய நேராகத் தெற்கே இறங்கி வரும் கடற்கரை, இங்கே வந்ததும் முழங்கையை மடக்கினாற்போல மேற்கே திரும்புகிறது. முனையில் நின்றால் கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை. நீரிணையைத் தாண்டினால் யாழ்ப்பாணத்துக் கரை. முனையை ஒட்டி மணல்மேட்டுக் காடும் புல்வெளியும். அவற்றுக்கு மேற்கே, முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வரை நீளும் பெரிய சதுப்பு. 1967-ல் சரணாலயம் என்று அறிவித்தபோது அதன் பரப்பு 17 சதுர கிலோமீட்டர் சொச்சம்தான். 2002-ல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது சதுப்பும் சேர்ந்து சுமார் 38,500 ஹெக்டேர். பெயர் வாங்கியது காடு. வடக்கிலிருந்து வருகிற பறவைகளுக்குச் சோறு போடுவது சதுப்பு.

வேதாரண்யத்தில் இரவு தங்கி, விடியுமுன் ஆட்டோ பிடித்தேன். அகஸ்தியம்பள்ளியைக் கடக்கும்போது இருபுறமும் உப்பளங்கள். போன பருவத்து உப்பு, கீற்று வேய்ந்த அம்பாரங்களாக இருட்டிலும் மங்கலாகத் தெரிந்தது. திருச்சியிலிருந்து நடந்து வந்த ராஜாஜியும் தொண்டர்களும் 1930 ஏப்ரல் 30-ல் உப்பு அள்ளியது இந்த ஊரில்தான். அதற்கான நினைவுத் தூண் சாலையோரம் இருக்கிறது. சதுப்பு அன்று ஒரு பேரரசுக்கு எதிராக நின்ற இடம். இன்று அதே சதுப்பு, வரைபடத்தில் வெறுமையாக விடப்பட்ட பகுதி.

இறங்கிய இடத்தில் வாடை அடித்துக்கொண்டிருந்தது. இந்தக் கரையில் குளிர்காலம் என்பது குளிரைவிடக் காற்றுதான். வெப்பமானி இருபதுக்குக் கீழே போவது அரிது. ஆனால் வடக்கிலிருந்து தடையில்லாமல் வரும் இந்தக் காற்று காதுக்குள் புகுந்து எலும்பில் போய் உட்காரும். மண்பாதையில் கொஞ்ச தூரம் நடந்து, உமரிச் செடிகள் அடர்ந்த ஒரு மேட்டுக்குப் பின்னால் தார்ப்பாய் விரித்து, குப்புறப் படுத்துக்கொண்டேன். எதிரே இருட்டு. முதலில் வந்தவை குரல்கள்தான். இறங்குமுகமாக மூன்று சுரம் சொல்லி நிறுத்தியது ஒரு பவளக்காலி. சதுப்புக்குக் காவல் அதுதான். யார் வந்தாலும் முதலில் கத்தி, மற்ற எல்லாவற்றையும் எழுப்பிவிடும். அது ஓய்ந்த பிறகு, சேறு முழுவதிலிருந்தும் ஒரு மெல்லிய கீச்சொலி. தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாத சத்தம். கொசு உள்ளான்கள்.

வெளிச்சம் வந்ததும் சேறு நகர்வது தெரிந்தது. குருவி அளவே உள்ள, சாம்பலும் வெள்ளையுமான பறவைகள் தலையைக் குனிந்தபடி ஓடிக்கொண்டே கொத்துகின்றன. நிமிர்வதே இல்லை. ஒரு கொசு உள்ளானின் எடை 30 கிராமுக்குள். கையில் வைத்தால் ஒரு கடிதத்தின் கனம் இருக்கும். ஆர்க்டிக் வட்டத்துக்கு அப்பால், ருஷ்யத் துந்திரத்தில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, மத்திய ஆசியாவைக் கடந்து இங்கே வந்திருக்கிறது. சித்திரையில் திரும்பிப் போகும். அதற்குள் உடம்பில் கொழுப்புச் சேர்க்க வேண்டும். அதுதான் பயணத்துக்கான எரிபொருள். இப்போது இது கொத்துகிற ஒவ்வொரு புழுவும் அடுத்த ஜூன் மாதத்து முட்டைக்கான முதலீடு. இதை மனதில் வைத்துப் பார்த்தால், அந்த ஓயாத கொத்தலைப் பார்க்கப் பார்க்க அலுக்காது.

அவற்றோடு கலந்து மேய்ந்தவை, அலகு நுனி கீழ்நோக்கி வளைந்த வளைமூக்கு உள்ளான்கள். இவற்றின் வாழ்க்கையில் ஒரு விஷயம் எனக்கு எப்போதும் வியப்பு. கோடையில் ஆண்கள் முதலில் கிளம்பிவிடும், பிறகு பெண்கள். அந்த வருடம் பொரித்த குஞ்சுகள் கடைசியாக, வழி காட்டப் பெரியவர்கள் யாரும் இல்லாமல், தாமாகவே தென்திசை நோக்கிப் பறக்கும். கண்டிராத நிலத்துக்கு, கண்டிராத பாதையில். இன்னொன்றும் உண்டு. சைபீரியாவில் லெம்மிங் என்ற எலி பெருகும் ஆண்டுகளில் குஞ்சுகள் அதிகம் பிழைக்கின்றன. எலி குறைந்த ஆண்டில் நரிகள் உள்ளான் குஞ்சுகளின் பக்கம் திரும்பிவிடும். அங்கே எலி பெருகியதா குறைந்ததா என்ற செய்தி, சில மாதங்கள் கழித்து இந்தச் சேற்றில் இளம் பறவைகளின் எண்ணிக்கையாக வந்து சேர்கிறது. நாகப்பட்டினம் மாவட்டத்துக் கடைக்கோடியில் படுத்துக்கொண்டு நான் பார்ப்பது துருவத்துக் கோடையின் விளைச்சலை.

ஒருமணி நேரம் பார்த்தால் இந்தக் கூட்டத்தில் ஓர் ஒழுங்கு புலப்படும். நீரே இல்லாத, ஈரம் மட்டும் பளபளக்கும் சேற்றில் உப்புக்கொத்திகள். பெரிய கண், குட்டை அலகு. நான்கைந்து அடி ஓடும், சட்டென்று நிற்கும், பார்க்கும், கொத்தும். புழு தலை நீட்டுவதைக் கண்ணால் கண்டுபிடிக்கிற வேட்டை அது. நீர் சேற்றைத் தொடுகிற விளிம்பில் கொசு உள்ளான். அதன் அலகு 2 சென்டிமீட்டருக்கு மேல் போகாது. கால் பாதி நனையும் நீரில் வளைமூக்கு உள்ளான். அலகு சுமார் 4 சென்டிமீட்டர். இது கண்ணை அதிகம் நம்புவதில்லை. அலகு நுனியில் இருக்கும் நரம்புகள் சேற்றுக்குள் புழு அசைவதை உணர்ந்து சொல்லும். இன்னும் உள்ளே, வயிறு தொடும் நீரில் கருவால் மூக்கன். சுமார் 10 சென்டிமீட்டர் அலகை முகம் வரை சேற்றில் இறக்கி எடுக்கிறது. அதற்கும் அப்பால், வேறெவருக்கும் எட்டாத ஆழத்தில் பூநாரை.

அதாவது, கரையிலிருந்து பூநாரை நிற்கும் இடம் வரை உள்ள ஆழ வித்தியாசம் மொத்தமே ஒரு முழம்கூட இல்லை. அதற்குள் அத்தனை இனங்களும் இடம் பிரித்துக்கொண்டு சண்டையில்லாமல் சாப்பிடுகின்றன. தண்ணீர் நாலு விரற்கடை ஏறினால் கொசு உள்ளானுக்குப் பந்தி இல்லை. நாலு விரற்கடை இறங்கிச் சேறு காய்ந்து வெடித்தால் யாருக்குமே இல்லை. இவ்வளவு பெரிய சதுப்பின் உயிர் அந்த விரற்கடைக் கணக்கில் இருக்கிறது.

அந்தக் கணக்கை யார் எழுதுகிறார்கள்? கொஞ்சம் கடல், இங்கே ஓதத்தின் ஏற்ற இறக்கம் சிறியது. கொஞ்சம் காற்று, இவ்வளவு ஆழமில்லாத நீரைக் காற்றே ஒரு பக்கமிருந்து மறுபக்கம் தள்ளிவிடும். நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே வாடை வலுத்து, எதிரே ஒரு திட்டு நீருக்கு மேலே வந்தது. பத்து நிமிடத்தில் அதில் உப்புக்கொத்திகள் வந்து இறங்கின. ஆனால் பெரும்பங்கு நன்னீருடையது. ஐப்பசி, கார்த்திகை மழையும், காவிரிப் படுகையின் கடைமடையில் வயல்களை வடித்துக்கொண்டு வரும் ஆறுகளும் சதுப்பின் உப்பைக் கரைத்து, புழுவும் பூச்சியும் இறாலும் பெருகும் பதத்துக்குக் கொண்டுவருகின்றன. மேட்டூர் அணையை வழக்கமாக மூடுவது ஜனவரி 28-ல். தஞ்சைச் சீமையின் விவசாயிக்கு முக்கியமான அந்தத் தேதி, சைபீரியாவிலிருந்து வந்த உள்ளானுக்கும் ஏதோ ஒரு விதத்தில் முக்கியமானதுதான்.

இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை. சலீம் அலியின் காலத்திலிருந்தே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கோடியக்கரையில் பறவைகளைப் பிடித்து, காலில் வளையமிட்டு, பறக்கவிட்டு வந்திருக்கிறது. அந்தக் கழகத்தின் எஸ். பாலச்சந்திரன் பல பத்தாண்டுகள் இந்தச் சேற்றிலேயே உழைத்தவர். 1980-களில் இங்கே இறங்கிய கரைப்பறவைகளின் பெருங்கூட்டம் பின்னர் வெகுவாகக் குறைந்தது என்பதும், நன்னீர் வரத்துக் குறைந்து உப்புத்தன்மை கூடியது அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்பதும் அந்த உழைப்பிலிருந்து நமக்குக் கிடைத்த செய்திகள். உப்பளங்கள் விரிந்ததும் நீரோட்டத்தை மாற்றியிருக்கிறது. உப்புத் தொழிலையே குறை சொல்வதற்கு நான் தயாரில்லை. வேதாரண்யத்தில் எத்தனையோ குடும்பங்களுக்கு அதுதான் அடுப்பெரியும் வழி. பாத்திகளில் நீர் கட்டும் காலத்தையும் அளவையும் பறவைகளோடு சேர்த்து யோசிக்க முடியும். யோசிக்க வைப்பதற்கு, அந்தச் சேறு காலி நிலம் அல்ல என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கரண்டிமூக்கு உள்ளான் என்று ஒன்று உண்டு. கொசு உள்ளான் அளவுதான். அலகின் நுனி மட்டும் தட்டையாக விரிந்திருக்கும். ருஷ்யாவின் வடகிழக்குக் கோடியில் முட்டையிடும் இந்தப் பறவை உலகத்தில் இப்போது சில நூறுதான் மிஞ்சியிருக்கிறது. ஒரு காலத்தில் கோடியக்கரையில் பதிவாகியிருக்கிறது. அதனால் கூட்டத்தில் தலை நிமிர்த்திய ஒவ்வொரு கொசு உள்ளானின் அலகையும் தொலைநோக்கியில் தேடிக்கொண்டே இருந்தேன். எல்லாம் கூரலகுதான். தேடுவது வீண் என்று தோன்றவில்லை. ஒரு காலத்தில் வந்த பறவையை, அது வந்த இடத்தில் தேடிப் பார்ப்பதற்காவது ஒருவர் இருக்க வேண்டும்.

காலை ஒன்பது மணிவாக்கில் எல்லாம் ஒரே சமயத்தில் எழுந்தன. பவளக்காலிகூடக் கத்தவில்லை; அதற்கும் அவகாசம் இல்லை. வடக்கேயிருந்து ஒரு பைரி தாழ்வாக வந்திருந்தது. ஆயிரக்கணக்கான உள்ளான்கள் ஒன்றுசேர்ந்து சுருண்டு, விரிந்து, திரும்பும்போதெல்லாம் ஒரு கணம் வெள்ளை, ஒரு கணம் சாம்பல். வயிறு தெரியும்போது வெள்ளை. முதுகு தெரியும்போது காணாமல் போகும். பைரி மேலேறி ஒருமுறை பாய்ந்தது. குறி தப்பியது. மறுபடி ஏறியது. கூட்டத்தைப் பிளந்து ஒன்றைப் பிரித்துவிட்டால் அதோடு கதை முடிந்தது. அதனால்தான் உள்ளான்கள் பிரியவே பிரியாது. மூன்றாவது பாய்ச்சலும் பொய்த்து, பைரி கடல் பக்கம் போய்விட்டது. இரண்டே நிமிடத்தில் எல்லாம் இறங்கி, விட்ட இடத்தில் கொத்தத் தொடங்கின. பயத்துக்குக்கூட அவற்றிடம் அதிக நேரம் இல்லை.

பூநாரைகள் அதற்கும் அசையவில்லை. பைரியால் அவற்றுக்கு ஆபத்து இல்லை. நாளிதழ்களில் ஒவ்வொரு கார்த்திகையிலும் இவை சைபீரியாவிலிருந்து வருவதாகப் படிக்கிறோம். அப்படி இல்லை. நம் நாட்டில் பெரும் பூநாரைகள் கூட்டமாக முட்டையிடுவது குஜராத்தில், கட்ச் உப்புப் பாலையில். 1940-களிலேயே சலீம் அலி அங்கே போய் அதைப் பதிவு செய்திருக்கிறார். ஈரானில் வளையமிட்டவையும் இந்தியாவில் கிடைத்திருக்கின்றன. தலையைத் தலைகீழாக நீருக்குள் விட்டு, நாக்கால் நீரை உறிஞ்சித் தள்ளி, அலகின் ஓரச் சல்லடையில் தங்குவதை விழுங்கும் பறவை இது. அந்த உணவிலிருந்துதான் அதன் சிவப்பு வருகிறது. கூட்டத்தில் சாம்பலாக, சோகை பிடித்தாற்போல நின்றவை இளம் பறவைகள். சிவப்பு ஏறச் சில ஆண்டுகள் ஆகும். பறக்கும்போது இறக்கைக்குள்ளிருந்து வெடிக்கும் அந்தச் செந்நிறத்தைப் படம் பிடிப்பதற்காகவே சிலர் கூட்டத்தை நோக்கி நடந்து போய் விரட்டுவதுண்டு. அப்படிச் செய்யாதீர்கள். அவ்வளவு பெரிய உடம்பு, நீரில் ஓடி ஓடித்தான் மேலெழ வேண்டும். ஒரு படத்துக்காக அது செலவழிக்கும் பலம், அரைநாள் அலசிச் சேர்த்தது.

வெயில் ஏறியதும் சேற்றின் மேல் கானல் ஆடத் தொடங்கி, தூரத்துப் பறவைகள் உருகி ஒழுகின. தொலைநோக்கியை மூடிவிட்டுக் காட்டுப் பக்கம் வந்தேன்.

கோடியக்கரைக் காடு உயரமில்லாத காடு. உப்புக்காற்றில் தலை சீவப்பட்டு, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும் உலக்கைப்பாலை, நாவல், காரை, சூரை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரை கடந்தபோது இந்தக் காடு சாய்ந்தது. மான்களும் மட்டக் குதிரைகளும் செத்துக் கரை ஒதுங்கின. சாய்ந்த இடங்களில் பாலை மெதுவாகத் தளிர்க்கிறது, சீமைக்கருவேலம் வேகமாக. குதிரையும் மானும் அதன் காயைத் தின்று விதையைப் புல்வெளி முழுக்கப் பரப்பிவிடுகின்றன. வனத்துறை பிடுங்கப் பிடுங்க அது வந்துகொண்டிருக்கிறது.

புல்வெளியில் வெளிமான்கள் இருந்தன. கரிய முதுகும் வெள்ளை வயிறும் முறுக்குக் கொம்புமாக ஒரு கிடா தன் எல்லையில் தலையைப் பின்னுக்குச் சாய்த்து நடந்துகொண்டிருந்தது. சற்றுத் தள்ளி மட்டக் குதிரைகள். எப்போதோ வளர்த்தவர்கள் விட்டுப்போனவற்றின் வழி வந்தவை. அழகான பிராணி வெளிமான். எல்லோரும் அதைப் பார்ப்பது நியாயம்தான். அதற்கு வேலி இருக்கிறது, காவல் இருக்கிறது, 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம் இருக்கிறது. என் மனம் சேற்றிலேயே கிடந்ததால் அதிக நேரம் நிற்கவில்லை.

கட்டுச்சோற்றைக் குழகர் கோயில் பக்கம் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டேன். சுந்தரர் இந்த ஊர் இறைவனைப் பாடிய பதிகம், தேவாரத்திலேயே எனக்கு மிக நெருக்கமானவற்றில் ஒன்று. வேறு ஊர்களில் வரம் கேட்பவர், பொன் கேட்பவர், இங்கே வந்து கவலைப்படுகிறார். கடற்காற்று இவ்வளவு கடுமையாக வந்து மோதும் கரையில் துணையில்லாமல் ஏன் தனியாக இருக்கிறீர், பக்கத்தில் நாலு குடி இருந்தால் ஆகாதா என்று கடவுளையே கேட்கிறார். மரப்பொந்துகளில் ஆந்தையும் கூகையும் கூடிக் குழறுவதையும் சொல்லி, அம்மை அஞ்ச மாட்டாளா என்கிறார். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கும் முன்னால் இந்த இடத்தில் நின்று காற்றையும் காட்டையும் ஆந்தைக் குரலையும் கவனித்த ஒருவர். அதே காற்று அன்றும் என் சோற்றில் மணலைத் தூவியது. தனிமை இந்த ஊருக்குப் பிற்காலத்தில் வந்ததில்லை. அதன் இயல்பே அது. கல்கியும் 'பொன்னியின் செல்வன்' எழுதும்போது பூங்குழலியைப் படகில் தனியாக விட்டது இந்தக் கரையில்தான்.

ஆனால் பிற்பகலில் கடற்கரைக்குப் போனால் தனிமை கலைந்துவிடும். ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரை கோடியக்கரையில் மீன்பிடிப் பருவம். நாகப்பட்டினம், காரைக்கால் பக்கத்து ஊர்களிலிருந்தும் இன்னும் வடக்கேயிருந்தும் மீனவர்கள் படகோடு வந்து, கரையில் கொட்டகை போட்டுத் தங்கித் தொழில் செய்கிறார்கள். பறவை வரும் காலத்தையொட்டி வந்து, பறவை போகும் காலத்தையொட்டிப் போகிறார்கள். இரண்டு கூட்டத்தையும் கூட்டிவருவது ஒரே பருவம். மழைவெள்ளம் கொண்டுவந்து சேர்க்கும் சத்தில் மீனும் இறாலும் நண்டும் பெருகும் காலம் அது. வலையில் சிக்கிய நண்டை உடையாமல் எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என் கழுத்தில் தொங்கிய தொலைநோக்கியைப் பார்த்தார்.

"குருவி பாக்க வந்தீங்களா, தம்பி?"

"ஆமாங்க ஐயா. உங்களுக்கு எந்த ஊரு?"

"நாகூருக்கு வடக்கால. பங்குனி வரைக்கும் இங்கதான். வாடை நின்னு சோளகம் திரும்பிச்சுன்னா கெளம்பிருவோம்." பிறகு கடலைக் காட்டினார். "அந்தா ஆலா விழுவுது பாருங்க. கீழ பொடிமீனு போவுது. எங்களுக்கு மொத சேதி அதுதான் சொல்லும்."

தொலைநோக்கியில் பார்த்தேன். சிவந்த தடித்த அலகோடு பெரிய ஆலாக்கள், தலையைக் கவிழ்த்துக் கீழே தேடிக்கொண்டே பறந்து, சட்டென்று இறக்கையை மடக்கி நீரில் விழுந்தன. கருவி இல்லாமல் அவ்வளவு தூரத்தில் அவர் எப்படிப் பார்த்தார் என்று கேட்கவில்லை. அவருக்கு அது பிழைப்பு.

கொட்டகைகளைத் தாண்டித் தெற்கே நடந்தபோது ஒரு பங்குனி ஆமை ஒதுங்கிக் கிடந்தது. ஓட்டில் காயமில்லை, கண்கள் மட்டும் காக்கை கொத்திப் போயிருந்தன. ஆமைக்கு நுரையீரல்தான் மூச்சு. இழுவை மடியில் சிக்கி மேலே வர முடியாமல் போனால் மூழ்கிச் சாகும். முட்டையிட இந்தக் கரையைத் தேடி அவை வருவதும் இதே தை, மாசியில்தான். வனத்துறை முட்டைகளைச் சேகரித்து இங்கே பொரிப்பகத்தில் புதைத்துக் காக்கிறது. 45 முதல் 60 நாளில் குஞ்சுகள் கடலுக்குப் போகின்றன. அந்த வேலையைச் செய்பவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் ஒரு பெண் ஆமை முட்டையிடும் பருவத்துக்கு வளர பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. பொரிப்பகத்தில் நூறு குஞ்சை எண்ணி விட்டாலும், கடலில் ஒரு தாயை இழந்தால் ஈடு செய்வது கடினம். ஆமை வெளியேற வழி விடும் வலை இருக்கிறது. கரையோரக் கடலில் இழுவை மடி கூடாது என்று சட்டமும் இருக்கிறது. கடைப்பிடிக்க வைப்பதுதான் பாக்கி. ஆமைக்குப் பக்கத்தில் ஈர மணலில் நாலைந்து உப்புக்கொத்திகள் ஓடி நின்று ஓடிக்கொண்டிருந்தன. அந்த உடலைத் தேடி வந்த பூச்சிகள்தான் அவற்றுக்கு இரை.

மாலையில் சதுப்புக்குத் திரும்பினேன். காற்று தணிந்திருந்தது. காலையில் மேலே வந்த திட்டு மறுபடி மூழ்கி, உள்ளான்கள் அங்கே இல்லை. சாலைக்கு அந்தப்புறம், உப்பளத்துப் பாத்தி ஒன்றில் அத்தனையும் குவிந்திருந்தன. மழைநீரை வடித்துவிட்டுப் பாத்தியை மிதித்துப் பதப்படுத்தும் வேலை தொடங்கியிருந்தது. நீர் வடிந்த புதுச்சேற்றில் மிதித்தவர்களின் கால்தடங்களுக்குள்ளேயே கொசு உள்ளான்கள் மேய்ந்தன. வேலை முடித்த பெண்கள் வரப்பில் கால் கழுவிக்கொண்டு பேருந்துக்கு நின்றார்கள். நானும் போய் நின்றேன். ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மா, நான் பாத்தியையே பார்ப்பதைக் கவனித்துவிட்டுப் பேசினார்.

"காலையில அந்தப் பக்கம்ல மேஞ்சுது. மதியத்துக்கு மேல இங்க வந்திருச்சு."

"எப்படிம்மா தெரியுது அதுங்களுக்கு?"

"தண்ணி வடிஞ்சா வந்துரும். முழங்கால் தண்ணிக்கு வராது, தம்பி. கரண்டை நனையுறதே அதுக்கு அதிகம்."

காலை முழுக்கப் படுத்துக் கிடந்து நான் கணக்குப் போட்டதை அவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். எத்தனை வருடமாக உப்பள வேலை என்று கேட்டேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து என்றார். முன்னெல்லாம் இதைவிட அதிகமா என்று கேட்டதற்கு, பக்கத்தில் நின்ற பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். கூட்டம் எழுந்தால் பாத்தியில் நிழல் விழும் என்றார் ஒருவர். தன் அம்மா காசு கொடுத்து உள்ளான் கறி வாங்கிய காலத்தைச் சொன்னார் இன்னொருவர். இப்போது பிடித்தால் கேஸ், யாரும் பிடிப்பதில்லை, அப்படியும் வரவில்லை என்றார். தண்ணீர் முன்னைப்போல வருவதில்லை என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே கருத்து.

பேருந்து வந்தது. அகஸ்தியம்பள்ளியில் இறங்கும்போது அந்த அம்மா என் இருக்கைப் பக்கம் குனிந்து, "நாளைக்கு வடக்குப் பாத்தியில தண்ணிய வடிக்கிறோம். விடியக்காலம் வந்தீங்கன்னா எல்லாம் அங்கதான் கெடக்கும்" என்றார்.

வேதாரண்யத்தில் இறங்கியதும் அறைக்கு இன்னொரு நாள் வாடகை கட்டினேன்.